அங்கியைக் கழற்றியவர்களும் கழற்ற முடியாதவர்களும்

(கள்ளக்குறிச்சியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். கவிதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு ஒரு விஷயம் பேசணும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட நேரம் இது. காலையிலிருந்து மதமாற்றம் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 1935இல் யேவலாவில் அண்ணல் செய்த பிரகடனம், 1956இல் நாக்பூர், 1981இல் மீனாட்சிபுரம். இதிலெல்லாம் மக்கள் ஒரு மதத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள். நான் கேட்க நினைப்பது வேற. பூசை வைக்கிறவர், பிரசங்கம் பண்ணுகிறவர், உபதேசம் சொல்கிறவர், அவருக்கே நம்பிக்கை போய்விட்டால் என்ன ஆகிறது? அவர் எங்கே போவார்? அவர் போனபிறகு இயக்கம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அவரை என்ன செய்கிறோம்?

தூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் மார்மன் சபை என்று ஒன்று. ஜோசப் ஸ்மித் என்பவர் 1830இல் தொடங்கியது. யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி அவர்களுக்கு ரோமாபுரி மாதிரி. இந்தச் சபையில் ஹான்ஸ் மாட்சன் என்று சுவீடன் நாட்டுக்காரர் ஒருவர், குடும்பமே தலைமுறையாக அந்தச் சபைதான், 2000இலிருந்து 2005 வரை ஐரோப்பாவில் பெரிய பொறுப்பில் இருந்தார். இன்டர்நெட் வந்த காலம். சபையார் ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள். ஸ்தாபகருக்கு இத்தனை மனைவிகளாமே? ஆபிரகாம் எழுதியது என்று அவர் மொழிபெயர்த்துத் தந்த எகிப்தியச் சுவடி வெறும் ஈமச்சடங்குச் சுவடிதானாமே? மாட்சனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேலிடத்தில் கேட்டார். அவர் பின்னால் சொன்னபடி, மேலிடத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் சொல்லும் ஒரு கையெழுத்துப் பிரதி என் பெட்டியில் இருக்கிறது என்றாராம். பெட்டியை மட்டும் திறக்கவில்லை. பேசாமல் இரு என்றுதான் அவருக்குக் கடைசியில் கிடைத்த பதில். 2013இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளிப்படையாகப் பேசிவிட்டார். அடுத்த வருடம் அந்த மனைவிகள் விஷயத்தைச் சபையே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. (பெட்டிக்குள் பதில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்ம ஊர் கட்சிகளிலும் உண்டு. அது வேற கூட்டத்துக்கு.)

இந்தக் கதை எனக்கு ஏன் முக்கியம் என்றால், மாட்சனிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று கறுப்பர்களைப் பற்றியது. 1852இல் பிரிகாம் யங் என்ற தலைவர் கறுப்பருக்குக் குருத்துவம் கிடையாது என்று அறிவித்தார். அந்தத் தடை 1978 ஜூன் வரை இருந்தது. ஆனால் அதற்கும் முன்னால், 1836லேயே, எலைஜா ஏபல் என்ற கறுப்பருக்கு அதே சபை குருப்பட்டம் கொடுத்திருந்தது. பட்டம் இருந்தது, பின்னால் கோயில் சடங்குக்கு அவர் உள்ளே வரக் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டார்கள். அந்த மனிதர் 1884இல் சாகிற வரை சபைக்காக ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தார். நம்பிக்கை இழந்து வெளியே வந்த வெள்ளைக்காரரை நியூயார்க் டைம்ஸ் பேட்டி எடுத்தது. நாற்பத்தெட்டு வருடம் உள்ளேயே நின்ற எலைஜா ஏபல் ராத்திரியில் என்ன நினைத்தபடி படுத்திருப்பார் என்று யார் கேட்டார்கள்?

எலைஜா ஏபலைப் புரிந்துகொள்ள நாம் யூட்டாவுக்குப் போக வேண்டியதில்லை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூருக்குப் போனால் போதும். 2008 மார்ச்சில் அங்கே நடந்தது இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், 2019க்குப் பிறகு நம் மாவட்டம். ஒரே ஜெபமாலை மாதா, ஒரே திருப்பலி, ஒரே மறைமாவட்டம். ஆனால் சேரிக்காரன் பிணம் போகிற வழி வேற, புதைக்கிற மண் வேற. எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள் என்று தலித் கிறித்தவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி சேரி வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், அந்தச் சாவை நான் கொண்டாடவில்லை. கேட்டது மோட்சம் இல்லை தோழர்களே. தெரு. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தெரு. 2022இல் புதுச்சேரி – கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் புதுப் பேராயரை அறிவித்தபோதும், எங்களில் ஒருவரை ஏன் போடவில்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் தெருவில் நின்றுதான் கேட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் அங்கி போட்டவனுக்கு நம்பிக்கை போவது சுவீடன்காரருக்குப் போகிற மாதிரி சுவடியைப் படித்துப் போவதில்லை. அவமானத்தில் போகிறது. அயோத்திதாசப் பண்டிதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பௌத்தராகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதற்கு முன்னால் அவர் ஓர் அத்வைதி. 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தியவர். பாதிரிகளின் பிரச்சாரத்துக்கு எதிராக, எல்லாம் ஒரே பிரம்மம் என்று நம் மக்களுக்கு எடுத்துச் சொன்ன ஒரு மதத் தலைவர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, எங்களையும் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் விட்டால் என்ன என்று கேட்டார். சாஸ்திரியார் ஒருவர் எழுந்தார். உங்களுக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் எல்லாம் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் இல்லை என்கிற பொருளில் பதில் சொன்னார். ஒரே பிரம்மம் அந்த மண்டபத்தில் எங்கே போய் உட்கார்ந்திருந்தது?

பண்டிதர் அங்கேயே திருப்பிக் கேட்டதுதான் எனக்குப் பிடித்த இடம். உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்புக் கொடுங்கள், சும்மா கிடக்கிற நிலத்தைக் கொடுங்கள் என்றார். நம்பிக்கை உடைந்த அதே நிமிஷத்தில் நிலம் கேட்ட மனிதர்! அப்புறம் ஆறு வருடம். 1898இல்தான் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். அந்த ஆறு வருடத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பழைய சாமி போய்விட்டது, புதுசு வரவில்லை. அந்த இடைவெளியில் ஒரு மனிதன் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறான்? பண்டிதருக்குச் சித்த வைத்தியம் இருந்தது. எந்த மடமும் அவருக்குப் படி அளக்கவில்லை. ஆகவே எந்த மடமும் படியை நிறுத்தவும் முடியவில்லை. சாக்கிய பௌத்த சங்கமும் 1907இல் வந்த ‘ஒரு பைசாத் தமிழ’னும் அந்த மருந்துப் பெட்டியின் மேல் நின்றவை என்று சொன்னால் பண்டிதர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பொய்கையில் யோகன்னான். 1879இல் இரவிப்பேரூரில் பறையர் குடும்பத்தில், சிரியன் கிறித்தவ வீட்டின் அடிமைக் குடியில் பிறந்தவர். மார்த்தோமா சபையில் பிரசங்கியானார். அங்கே சாதி. பிரதரன் சபைக்குப் போனார். அங்கேயும் சாதி. இந்தப் புத்தகத்தில் என் இனத்தைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, கடைசியில் வேதப் புத்தகத்தையே நெருப்பில் போட்டார் என்பது அவர் வரலாற்றில் வருகிறது. 1909 வாக்கில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். 1921இல் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டு அங்கேயும் போய் நிலமும் பள்ளிக்கூடமும் கேட்டார். பாருங்கள், பண்டிதர் கேட்டதும் அதே இரண்டுதான். யோகன்னானுக்கு மருந்துப் பெட்டி இல்லை. அவர் பின்னால் வந்த மக்கள் இருந்தார்கள். ஒரு பிரசங்கி தனியாக வெளியேறுவதற்கும் சனத்தோடு வெளியேறுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

தனியாக வெளியேறியவர் பாமா. 1985இல் கன்னியர் மடத்தில் சேர்ந்து 1992இல் வெளியே வந்தார். அதே வருடம் ‘கருக்கு’. அந்தப் புத்தகத்தைச் சாதிக் கொடுமையின் பதிவு என்று மட்டும் பாடம் நடத்துகிறார்கள். மடத்தைவிட்டு வந்த ஒரு பெண் வேலை இல்லாமல், கையில் காசில்லாமல், தன் உடம்பை மறுபடி இந்த உலகத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்ற பக்கங்களை மாணவத் தோழர்கள் இன்னொரு தரம் படியுங்கள். அவருக்கு ஆசிரியர் படிப்பு இருந்தது, அது காப்பாற்றியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். ‘கருக்’கை வெளியிட்டது மதுரையில் சேசு சபையார் நடத்திய ஒரு மையம். உள்ளே இருந்துகொண்டே வெளியேறியவருக்குக் கை கொடுத்த சாமியார்களும் உண்டு. திருச்சபை முழுக்க ஒரே கல் என்று நாம் மேடையில் பேசுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இதைச் சொல்லத் தயங்கித்தான்.

எங்கள் நைனா உபதேசியார். சுற்றறிக்கையில் வேதியர் என்று போடுவார்கள், ஊரில் உபதேசியார்தான். கல்வராயன் மலை அடிவாரத்து ஊர் ஒன்று. எந்த ஊர், எந்தப் பங்கு என்று சொல்லப் போவதில்லை, அங்கே இன்னும் எங்கள் சனம் இருக்கிறது. சாமியார் மாதத்துக்கு ஒரு முறை பூசைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுப்பது, சாவுக்கு முன்னால் சிலுவை பிடித்து நடப்பது எல்லாம் நைனா. சம்பளம் எண்ணூறு ரூபாய். கோயிலை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. பிள்ளைகளுக்குப் பங்குப் பள்ளியில் பீஸ் கிடையாது.

1996 ஐப்பசி. எனக்கு எட்டு வயசு. சேரியில் ஒரு பாட்டி இறந்துபோனது. நல்ல மழை. ஊர்த் தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அன்றைக்கு வரப்பு தெரியாமல் வயலில் தண்ணீர் நிற்கிறது, இந்த ஒரு தடவை விடுங்கள் என்று நைனா போய்க் கேட்டார். கேட்டது ஜெபமாலை கையில் வைத்திருந்தவர்களிடம்தான். விடவில்லை. முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் ஒருத்தர் கால் வழுக்கிப் பாடை சாய்ந்து, பாட்டி உடம்பு தண்ணீரில் விழுந்தது. நைனாதான் தூக்கினார். தூக்கி, சேற்றைத் துடைத்து, கல்லறையில் வைத்துக் கடைசி ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அன்று ராத்திரியிலிருந்து வீட்டில் ஜெபம் நின்றுவிட்டது. அம்மா கேட்டதுக்கு, “நீ சொல்லிக்க”ன்னு மட்டும் சொன்னார். ஆனால் விடிந்தால் மணி அடிக்கப் போய்விடுவார். இப்படிப் பதினோரு வருடம்.

கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு வாய் வந்துவிட்டது. அம்பேத்கர் படித்தேன், பெரியார் படித்தேன், ஒரு லீவு நாளில் அவரைப் பார்த்து, “நம்பாததை நாலு பேருக்குச் சொல்லிக்கிட்டு இருக்கியே நைனா, இது பித்தலாட்டம் இல்லியா?”ன்னு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஆமாண்டா. வெளிய போனா வூடு ஏது? ஒந் தங்கச்சி பத்தாவது படிக்குது. அது முடியட்டும்”னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “சாமி இல்லன்னு எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே ஒங்கிட்ட சொல்லியிருந்தா நீ படிச்சிருப்பியா?”ன்னார். நான் இன்று கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறேன் என்றால், அது அந்தப் பதினோரு வருடப் பொய்யின் மேல் உட்கார்ந்துதான். பித்தலாட்டம் என்று நான் சொன்ன வார்த்தையை எத்தனையோ கவிதை எழுதியும் திரும்ப எடுக்க முடியவில்லை.

2007இல் தங்கச்சி நர்சிங் சேர்ந்ததும் சாவி, மணி, ஞானஸ்நானப் பதிவேடு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? “ஒடம்பு முடியல சாமி.” வெளியேறும்போதும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கல்லறையில் இடம் கிடைக்காது என்று பயம். அம்மா இன்னும் ஜெபமாலை சொல்கிறாள். அவள்மேல் எனக்கு வழக்கு இல்லை. நைனா ஆடு வளர்க்கிறார்.

இதை மலை மேலே வேலை பார்த்தபோது கண்ட ஒன்றோடு வைத்துப் பார்க்கிறேன். இரண்டு வருடம் என்னைக் கல்வராயன் மலைக் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே மலையாளிப் பழங்குடி மக்களில் வயதான ஒருவர் கணக்கு வைத்திருந்தார். அவர் ஊர்க் கோயில் பூசாரி என்று தெரியும். ஒருநாள் பேச்சுவாக்கில், பூசையை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஏன் என்றேன். “எம்மேல சாமி வர்றது நின்னுபோச்சு சார். வர்ற மாதிரி ஆடிக்கிட்டு இருக்க எனக்குப் பிடிக்கல. ஊர்ல சொன்னேன். சரின்னுட்டாங்க.” அவ்வளவுதான். சாமை விதைத்த காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். யாரும் அவரை வீட்டைவிட்டு இறக்கவில்லை, ஏனென்றால் வீடு கோயிலுடையது இல்லை. மலையைப் புனிதமாக்கிப் பேசுவதாக நினைக்காதீர்கள். 1976 வரை மூன்று ஜாகிர்தார்கள் ஆண்ட மலை அது, அந்த மக்கள் பட்ட பாட்டை அவர்கள்தான் சொல்லணும். நான் சொல்வது இவ்வளவே: சாமி வரவில்லை என்று ஒரு பூசாரி சத்தமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவர் காலுக்குக் கீழே இருந்த சாமைக் காடு. அந்த மார்மன் சபையில்கூட, மாட்சன் மாதிரிப் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பிழைப்புக்குச் சொந்த வேலை வைத்திருப்பார்கள். வெளியே வந்தால் சொந்தபந்தம் முகம் திருப்பும், அது பெரிய வலிதான். சோறு போகாது.

நமக்குச் சோறும் போகிறது, காகிதமும் போகிறது. 1950 ஆணைப்படி தலித் கிறித்தவன் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இல் கதவைத் திறந்தார்கள், பௌத்தருக்கு 1990இல். எனக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது, பி.சி.தான். ஆகவே ஓர் உபதேசியார் நம்பிக்கை போய் வெளியே வந்தால், சர்ட்டிபிகேட்டுக்காகத்தான் வந்தான் என்று பேசுவார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையை விடாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. அதாவது உன் மனசுக்குள் எந்தச் சாமி இருக்கிறது என்று தாசில்தார் பார்த்துச் சொல்வார். எந்தச் சாமியும் இல்லை என்பவனுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

சரி, அவர்கள் செய்தது இருக்கட்டும். நாம் என்ன செய்தோம்? மடத்தைவிட்டு, குருமடத்தைவிட்டு யாராவது வெளியே வந்தால் உடனே மேடை ஏற்றுகிறோம். திருச்சபையைத் திட்டச் சொல்கிறோம், கைதட்டுகிறோம், பத்திரிகையில் ஒரு பேட்டி போடுகிறோம். கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறோம். இரண்டு வருடம் முன்னால் எங்கள் கிளைக்கு ஒருவர் சேமிப்புக் கணக்குத் தொடங்க வந்தார். சாமியாராக இருந்து வெளியே வந்தவர். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். ஆதாரில் பழைய பங்கு இல்லத்து முகவரி. இப்போ எங்கே இருக்கீங்க என்றேன். “அதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்றார். தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்தவர் எழுதவில்லை. நானும் சும்மா இருந்தேன். முகவரிச் சான்று கொண்டு வாங்க சார் என்று விதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இவரை ஒரு மேடையில் பார்த்துக் கைதட்டியவன் நான். அவர் திரும்ப வரவில்லை.

ஆகவே நான் தத்துவம் எதுவும் முன்மொழியவில்லை. வெளியே வந்தவர் கடவுளை விட்டாரா, திருச்சபையை மட்டும் விட்டாரா என்று விசாரிக்கவும் வேண்டாம், அது அவர் பாடு. கள்ளக்குறிச்சியில் ஓர் அறை வாடகைக்கு எடுப்போம். உபதேசியாரோ, சிஸ்டரோ, பாஸ்டரோ, கோயில் பூசாரியோ, வெளியே வருகிறவர் ஆறு மாதம் அங்கே தங்கலாம். அந்த முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால் கணக்குத் தொடங்க, ஆதார் மாற்ற, வேலைக்கு மனுப் போட உதவும். அவரை மேடையில் பேசச் சொல்லக் கூடாது, அவராக விரும்பினால் ஒழிய. மாதம் ஆளுக்கு நூறு ரூபாய். மாணவர்கள் தர வேண்டாம், சம்பளம் வாங்குகிறவர்கள் போதும்.

கூட்டுக் கணக்குக்கான படிவம் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு போட்டோ, ஆதார் நகல். ஜெராக்ஸ் கடை எதிரிலேயே இருக்கிறது, ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.